முகம் தெரிந்தால் மட்டும் திற

ரிமோட்டில் நான்கு பொத்தானை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கறுப்பு டேப்பால் மூடியாயிற்று. டிவி போட சிவப்பு ஒன்று, சத்தத்துக்கு இரண்டு, வாசலைப் பார்க்கப் பச்சை ஒன்று, நான்கே நான்குதான் வெளியே தெரிகிறது, மீதி நாற்பதும் டேப்புக்கு அடியில், இனி தங்கபாய் அக்கா எதை அமுக்கினாலும் தப்பாகப் போக வழியில்லை. சானல் மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். “எனக்கு எதுக்குல? ஒரே சானல்தான பாக்கேன்” என்றாள். அதுவும் சரிதான், காலையில் பிரசங்கம், மத்தியானம் பாட்டு, சாயங்காலம் மறுபடியும் பிரசங்கம். மணி மூன்றேகால். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன். முப்பத்தெட்டு வருசம் டெலிபோன் டிபார்ட்மெண்டில் லைன்மேனாக இருந்தவனுக்கு, மழைக்குள் கம்பத்தில் தொங்கிக்கொண்டு இருநூறு ஜோடி வயரில் செத்த ஜோடியைக் கண்டுபிடித்தவனுக்கு, ஒரு கதவு காமிராவின் படத்தை டிவிக்குக் கொண்டுவர ஐந்தேகால் மணி நேரம். இதில் பிடித்து இழுத்துப் பார்க்க ஒரு வயரும் இல்லை, அதுதான் எனக்கு ஓடவில்லை. வைஃபை பாஸ்வேர்டை ரிமோட்டின் அம்புக்குறியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போடும்போது விரல் நடுங்கிப் பக்கத்து எழுத்தில் போய் விழுகிறது, அழித்தால் இரண்டாக அழிகிறது, அழித்தது எத்தனை என்று மறந்துபோகிறது, மறுபடி முதலில் இருந்து. ஏழாவது தடவை டிவியில் ஃபிளாட்டின் வெளி நடைபாதை வந்தது. எதிர் வீட்டுப் பூட்டு, படிக்கட்டுக் கைப்பிடி, செருப்பு ஸ்டாண்டு. அக்கா கை தட்டினாள். “ஏ, நம்ம செருப்புல்லா தெரியுது!” எழுபத்தொன்பது வயதில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த கையோடு வேறு ஒரு நினைப்பும். இது இன்றைக்கு ஓடுகிறது, நாளைக்கு நான் இல்லாதபோது படம் நின்றால் யார் வந்து பார்ப்பார்கள், ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேரலாம், இருட்டினால் என் கண்ணை நம்பிப் பஸ்ஸை விட்டு இறங்க முடிவதில்லை, அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

காமிரா யோசனை ஆல்வினுடையது. அக்காவின் மகன், மெல்போர்னில் இருக்கிறான். இரண்டு மாசத்துக்கு முன்னால் கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கேன் என்று ஒருத்தன் பெல் அடித்தான், சட்டையில் அட்டை குத்தியிருந்தான், அக்கா திறந்தாள். சங்கிலி போனது, மணிக்கட்டு முறிந்தது, தள்ளிவிட்டதில் பிடரி செருப்பு ஸ்டாண்டில் இடித்து மூன்று தையல். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நர்சிடம், அவன் நல்ல மரியாதையாத்தான் பேசினான், அம்மான்னுதான் கூப்பிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே ஆல்வின் போனில் சொல்லிவிட்டான்: “மாமா, இனிமே அம்மா தனியா இருக்க முடியாது. கோயமுத்தூர்ல ஒரு ஹோம் பாத்திருக்கேன், டாக்டர் நர்ஸ் எல்லாம் உண்டு.” அக்கா என் கையைப் பிடித்தாள், கட்டுப் போட்ட கையாலேயே பிடித்தாள். “என்ன எங்கயும் அனுப்ப விட்டுராதல.” நான் விடமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டேன், யோசிக்காமல் சொல்லிவிட்டேன், அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது, என் படிப்பு என் வேலை என் கல்யாணம் எல்லாம் அவள் கணக்கு டீச்சராக நின்று பார்த்தது, வேறு என்ன சொல்ல முடியும். ஆல்வினும் இறங்கி வந்தான். சரி மாமா, ஜூன் வரைக்கும் பாப்போம், காமிரா வைக்கிறேன், அம்மாவுக்குப் போன்ல பாக்க வராது, கண்ணும் பத்தாது, பெரிய டிவியில வர்ற மாதிரி நீங்க செஞ்சு குடுங்க, அது சரியா வந்துச்சுன்னா ஹோமைப் பத்திப் பேச வேண்டாம். ஆக இந்தப் பச்சைப் பொத்தான் வேலை செய்தால் அக்கா இந்த வீட்டில் இருப்பாள். செய்யாவிட்டால் கோயமுத்தூர்.

“அக்கா, நான் இப்ப வெளிய போயி பெல்ல அமுக்குவேன். படம் தானா வரும். வரலைன்னா பச்சைய அமுக்கு. முகத்தப் பாரு. தெரிஞ்ச முகம்னா தொற. தெரியலைன்னா?” “தொறக்க மாட்டேன்.” “அவன் என்ன சொன்னாலும்?” “என்ன சொன்னாலும் தொறக்க மாட்டேன். முப்பத்தாறு வருசம் பாடம் நடத்துனவளுக்கே பாடமால?” காது மிஷினைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள், டிவி சத்தத்தோடு சேர்ந்து அது கீச்சிடுகிறதாம். நான் வெளியே வந்தேன், அவள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள், மேல் தாழ், நடுத் தாழ், திருட்டுக்கு அப்புறம் ஆல்வின் போடச் சொன்ன இரும்புத் தாழ், மூன்று சத்தமும் கேட்டது. அவள் நடந்துபோய் உட்கார நேரம் வேண்டுமே என்று மனதுக்குள் அறுபது எண்ணினேன். பெல்லை அமுக்கினேன். என் போனிலும் அந்தக் காமிரா வரும் என்பதால் எடுத்துப் பார்த்தேன். நடைபாதை வளைந்து தெரிந்தது, அதன் நடுவில் ஒரு ஆள். மேலே இருந்து பார்க்கிறபடியால் முதலில் தலைதான், நடுவில் வழுக்கை, காதோரம் கொஞ்சம் பஞ்சு, அதற்குக் கீழே மூக்கு பெரிசாக, வாய் ஒரு பக்கம் தொங்கி. பல் டாக்டர் கீழ்வரிசையில் நான்கைப் பிடுங்கினதில் இருந்து வாய் அப்படித்தான் விழுகிறது என்று மருமகள் சொல்லியிருக்கிறாள், நான் கண்ணாடியில் அவ்வளவாகக் கவனித்தது இல்லை. உள்ளே டிவிப் பாட்டின் சத்தம் நின்றது. அப்படியானால் படம் வந்துவிட்டது, அவள் பார்க்கிறாள். நான் காமிராவைப் பார்த்துக் கை ஆட்டினேன், சிரித்தேன். கதவு திறக்கவில்லை.

முட்டி வலிக்கும், எழுந்து வர வேண்டாமா, கொஞ்சம் பொறு. பொறுத்தேன். மறுபடி பெல். மறுபடி கை ஆட்டல். “அக்கா, நான்தான்” என்று கதவில் வாயை வைத்துக் கத்தினேன், காது மிஷின் மேசையில் இருக்கிறது, கதவோ தேக்கு. பத்து நிமிசம் ஆகியிருக்குமா? வெளியே இருந்து பார்த்தால் ஒரு வீட்டுக் கதவு எவ்வளவு பெரிசு. விழுந்துவிட்டாளோ என்று ஒரு நினைப்பு, இல்லை, கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் நிழல் அசைகிறது, வருகிறாள், நிற்கிறாள், திரும்பிப் போகிறாள். கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள் என்றால். அந்த “என்றால்” என்பதற்கு மேல் மனசு போகமாட்டேன் என்கிறது, இடறி நிற்கிறது, வேறு பக்கம் பாய்கிறது. லென்ஸ் வளைவாக இருக்கிறது, அதில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும், அவள் கண்ணில் புரை, போன வருசமே ஆபரேசன் செய்திருக்க வேண்டும், படம் வேறு லேசாக நீலம் பாய்ந்து இருக்கிறது, அதைத்தான் சரிசெய்ய வேண்டும், கலர் செட்டிங் எங்கேயோ இருக்கும். இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே மத்தியானம் நடந்தது வந்து நிற்கிறது. சாப்பாடு போடும்போது கேட்டாள், “பிள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் போயிட்டா?” என் பெரியவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ம், போயிட்டு என்று சொல்லி ரசத்தைக் குடித்தேன். அதை நான் கேட்டேன், கேட்டும் கேட்காத மாதிரி விட்டேன், வாய் தவறி வந்திருக்கும், பேரப்பிள்ளைகளைக் கேட்டிருப்பாள் என்று நானே அதற்கு ஒரு அர்த்தம் செய்து வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால், நான் வந்ததும், தாழை நீக்கி, கொஞ்சமாகத் திறந்த கதவு இடுக்கு வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நேரம்? நான் பேசின பிறகுதானே கதவை முழுசாகத் திறந்தாள். காலையில் இருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளா? தம்பி, ஏல, வால, போல. ஞானம் என்று ஒரு தடவையாவது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒரு தடவை கிடைத்தால் போதும், கிடைக்கவில்லை. போன மாசம் போனில்? போனில் சொல்வாள், அதன் சத்தத்தை உச்சத்தில் வைத்துக் காதோடு ஒட்டிக்கொள்வாள், மிஷின் இல்லாமலே கேட்கும், போனில் தெளிவாக இருப்பாள், போனில் ஞானசிகாமணி என்று முழுப் பேரையும் சொல்வாள். நான்தான் அவளைப் போனிலேயே பார்த்துக்கொண்டேன், பஸ்ஸும் முட்டியும் கண்ணும் என்று சாக்கு வைத்துக்கொண்டு மாசக் கணக்கில் போனிலேயே.

கீழே வாட்ச்மேனைக் கூப்பிடலாம். வந்து அவர் கூப்பிட்டால் திறப்பாளோ என்னவோ. அப்புறம் அவர் இரண்டாவது மாடியில் சொல்வார், அவர்கள் தண்ணீர் டேங்க் பக்கம் நின்று பேசுவார்கள், டீச்சரம்மாவுக்குச் சொந்தத் தம்பியே தெரியலையாம். அது ஆல்வின் காதுக்குப் போக எத்தனை நாள். வேண்டாம். எதிர் வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் துபாய், பூட்டில் தூசி. அவளையே போனில் கூப்பிடலாம் என்று தோன்றுவதற்குள் கையில் இருந்த போன் அடிக்கிறது. அக்கா.

“ஞானசிகாமணி.” முழுப் பேர். குரல் இறங்கி, ரகசியமாக, நடுக்கத்தோடு. “ஏல, நீ எங்க இருக்க?” “அக்கா, நான்...” “மெதுவாப் பேசு. வாசல்ல ஒருத்தன் நிக்கான். டிவில பாத்துக்கிட்டே இருக்கேன். பெல்ல அமுக்கி அமுக்கிப் பாக்கான். கைய வேற ஆட்டுதான், பல்லக் காட்டுதான்.” அவளுக்குப் பயம் வரக் கூடாது என்று கையை ஆட்டினேன், சிரித்தேன், அதுதான் பயமுறுத்தியிருக்கிறது. “அக்கா, பயப்படாத. அது நான்தான். உன் தம்பிதான் வெளிய நிக்கேன்.” “நீயா?” டிவியைப் பார்க்கிறாள். நான் காமிராவுக்கு முகத்தை நன்றாகக் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றினேன், மறுபடி போட்டேன், எந்த முகம் அவளுக்குத் தெரியும் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாக வைத்துப் பார்த்தேன். “போல, உன்ன எனக்குத் தெரியாதா? இவன் கிழவன்ல. மொட்டத் தல. ஆண்டவரே, அவனும் காதுல போன வச்சிருக்கான். வாய் அசையுது. கூட ஆளக் கூப்பிடுதான் போல. நீ சீக்கிரம் வால.”

அக்கா, அந்தக் கிழவன் நான் என்று இன்னொரு தடவை சொல்லலாம். சொன்னால் போனில் இருக்கும் என்னையும் நம்பமாட்டாள், இப்போது அவளுக்கு இருப்பது போனில் இருக்கும் நான் ஒருத்தன்தான், அவனையும் பிடுங்கிவிட்டால் உள்ளே அவள் யாரோடு இருப்பாள்? மாசக் கணக்கில் போனில் பேசிப் பேசி நான் எந்த வயதில் அவளிடம் நின்றுபோனேன், முப்பத்தைந்தா நாற்பதா, அந்த நாற்பது வயதுக்காரன் ஓடி வருவான் என்று காத்துக்கொண்டிருக்கிறாள், அவன் வரவேண்டும், அவனை எங்கே போய்க் கூட்டிவர. “வாரேங்க்கா” என்றேன். “பக்கத்துலதான் இருக்கேன். நீ கதவத் தொறக்காத. நான் அவன வெரட்டுதேன்.” “அடிச்சுகிடிச்சுப் போடாதல, கையில என்ன வச்சிருக்கானோ.” “இல்லக்கா, சொன்னாப் போயிருவான்.” போனைக் காதில் வைத்தபடியே திரும்பினேன். காமிராவுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பத்துப் படி இறங்கி, சுவர் திரும்புகிற இடத்தில் நின்றேன். அவள் மூச்சு போனில் கேட்டது. “போறான்” என்றாள். “போறான்ல. படியில இறங்கிட்டான். பாவம், கால விந்தி விந்திப் போறான்.” பாவம் என்கிறாள். சங்கிலியைப் பறித்தவனையும் நர்சிடம் மரியாதையாய்ப் பேசினான் என்று சொன்னவள்தானே. எனக்கு வந்ததை இருமலாக்கி வெளியே விட்டேன். “என்னல இருமுத? ஓடியாந்தியா?” “ஆமா, ஓடியாந்தேன்.”

படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி ஏறிப்போனால் அதே கிழவன் திரும்பி வருவான், அவள் அலறுவாள். இங்கேயே இருந்தாலும் எத்தனை நேரம். முகம் தெரிந்தால் மட்டும் திற என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன், அவள் அதில் ஒரு பிசகும் இல்லாமல் நிற்கிறாள், முப்பத்தாறு வருசம் பாடம் நடத்தினவள், வழி மாறமாட்டாள். முகம் இல்லாமல் போனால்தான் உண்டு. சுவரை ஒட்டி, காமிராவின் கண்ணுக்குள் விழாதபடி, பக்கவாட்டில் ஏறினேன், திருடன் இப்படித்தான் ஏறுவான், எனக்கு இது எப்படித் தெரிகிறது என்று அந்த நேரத்திலும் ஒரு கூச்சம். கையை நீட்டி உள்ளங்கையால் காமிராவை மூடினேன். காலையில் துணி போட்டுத் துடைத்து மாட்டின லென்ஸ், கைக்குள் லேசாகச் சுட்டது. “அக்கா, நான் வந்துட்டேன். கதவுக்கு வெளியதான் நிக்கேன். தொற.” “டிவில ஒண்ணும் தெரியலையே, கறுப்பால்லா இருக்கு.” “கரண்டு கோளாறா இருக்கும். நான்தான் பேசுதேன்லா. தொற.” யோசித்தாள். அந்த யோசனை நீண்டுகொண்டே போனது, நடுவில் எனக்கு ஒரு பயம் வந்தது, யாரோ ஒருத்தன் நாளைக்கு என் குரலில் கூப்பிட்டால், அல்லது கூப்பிடவே வேண்டாம், கையால் மூடினால் போதும் என்று தெரிந்த ஒருத்தன் வந்தால். இரும்புத் தாழ், நடுத் தாழ், மேல் தாழ். கதவு திறந்தது. இடது கையில் போன், இன்னும் காதில், வலது கையில் பூரிக்கட்டை. என்னைப் பார்த்தாள். நானும் போனைக் காதில் இருந்து எடுக்காமல், “வந்துட்டேங்க்கா” என்றேன், இரண்டு பக்கமும் ஒரே குரல். அவள் கண் என் வாயில் இருந்து தலைக்குப் போய், தலையில் இருந்து கண்ணுக்கு இறங்கி, அங்கே கொஞ்சம் தடுமாறி, பிறகு தெளிந்தது. எதில் தெளிந்தது என்று எனக்குத் தெரியாது. “உள்ள வால, வால, நிக்காத அங்க.” என் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டு, மூன்று தாழையும் போட்டாள். பூரிக்கட்டையை அவள் கையில் இருந்து எடுத்தேன், விரல்கள் பிரிய நேரமாயிற்று, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், உன் சட்ட மாதிரியே ஒண்ணு போட்டிருந்தான்ல, உன்ன நோட்டம் பாத்துத்தான் போட்டிருக்கான். நான் ம் கொட்டினேன். மேசை மேல் இருந்த என் போனில் ஆல்வின். எடுக்காமல் இருந்திருக்கலாம். “மாமா, அரை மணி நேரமா வாசல்ல ஆள் நிக்கிறதா மெசேஜ் வந்துட்டே இருக்கு. ராத்திரி மீட்டிங்ல இருந்தேன், இப்பத்தான் பாத்தேன். நீங்கதான் நிக்கிறீங்க. அம்மா ஏன் கதவைத் திறக்கல? நீங்க ஏன் காமிராவ மூடுனீங்க?” அவன் போனிலும் இந்தப் படம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லாம் அங்கே பதிவாகிக் கிடக்கிறது, நான் கையாட்டினது, கண்ணாடியைக் கழற்றினது, விந்தி இறங்கினது, திருடன் மாதிரி வந்து மூடினது. என்ன பொய் சொன்னாலும் அது ஓடிக் காட்டும். “டெஸ்ட் பண்ணேன் ஆல்வின்” என்றேன். அதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள், காதோடு ஒட்டிக்கொண்டு சத்தமாகப் பேசினாள். “மக்களே, உன் காமிராதான் இன்னைக்கு என்னக் காப்பாத்துச்சு. ஒருத்தன் வந்தான். நான் தொறக்கவே இல்ல. டிவில பாத்தேன், முகம் தெரியல, தொறக்கல. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். மாமாதான் வந்து வெரட்டினான்.” அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. கையைக் காற்றில் வீசி அவன் ஓடினதைக் காட்டினாள். “ஹலோ? மக்களே? லைன்ல இருக்கியா?” பிறகு, “இந்தா, உங்கிட்டப் பேசணுமாம்” என்று என்னிடம் நீட்டினாள்.

“எவ்ளோ நாளா மாமா?” அவன் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகி இருந்தது. இன்றைக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவன் நம்பினாலும் நம்பியிருப்பான், நம்ப ஆசையாகத்தான் கேட்டான், ஜூன் வரைக்கும் இன்னும் நாள் கிடைத்திருக்கும், நான் கொடுத்த வாக்கும் நின்றிருக்கும். கதவுக்கு வெளியே யாராவது உள்ளங்கையோடு வந்து நிற்கிற நாள் வரைக்கும். “தெரியல ஆல்வின்” என்றேன். “நான் பாக்கல. பாத்திருக்கணும். பாக்கல.” அவன் அழுதானா, லைனில் இரைச்சலா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. “நீ கிளம்பி வா. நான் அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். எதுவரைக்கும், எங்கே படுப்பது, என் பிபி மாத்திரை ஊரில் இருக்கிறது, அவளிடம் என்னவென்று சொல்வது, கோயமுத்தூர் என்ற வார்த்தையை என் வாயால் எப்படிச் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. மணி நாலரை ஆகப்போகிறது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பச்சைப் பொத்தானை அமுக்கினாள், ஒரே அமுக்கில், சரியாக. டிவி முழுக்க வெறும் நடைபாதை, படிக்கட்டு, ஆளில்லை. “போயிட்டான்” என்றாள். “ஆனா திரும்ப வருவான்ல. அவன் மூஞ்சியப் பாத்தா போற ஆளாத் தெரியல.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள், நான் பயந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள் போல. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தன்னோடு சேர்த்துப் போட்டாள். “உக்காருல. நீ ஏன் கிடந்து நடுங்குத? நான் பாத்துக்கிட்டு இருக்கேம்லா.” நான் உட்கார்ந்தேன். அவள் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கிழவனை என்னிடம் வர விடாமல்.